ஈரலை எம்.ஆர்.ஐ.யில் காட்டும் இரும்புத் துணிக்கைகள்: வன்னி ஆய்வுகூடத்துக்கான முழுமையான வழிகாட்டி

அறிவியல் நகரில் உள்ள பீடங்களிலும் பம்பைமடுவில் உள்ள வவுனியாப் பல்கலைக்கழகத்திலும் இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்புத் தேடும் மாணவர்களிடையே காந்த நனோத் துணிக்கைகள் மீது எப்போதும் ஓர் ஈர்ப்பு உண்டு. இரண்டு உப்புகளும் கொஞ்சம் அமோனியாவும் இருந்தால் ஒரு பிற்பகலிலேயே கரிய திரவம் கிடைத்துவிடுகிறது. ஆனால் அந்தத் திரவத்துக்கும், படத்தில் ஈரலை வேறுபடுத்திக் காட்ட ஏற்றப்படும் கொன்ட்ராஸ்ட் மருந்துக்கும் இடையே உள்ள வேலையில் பெரும்பகுதி துணிக்கையின் மேற்பூச்சிலும் இரும்பின் அளவைச் சரியாகக் கணிப்பதிலும் அடங்கியிருக்கிறது. இந்த வழிகாட்டி அந்த இரண்டிலும் நீண்ட நேரம் நின்று, மற்றவற்றைச் சுருக்கமாகக் கடக்கும். இங்கே விவரிக்கப்படுவது ஆய்வுகூடத்துக்கும் விலங்குப் பரிசோதனைக்கும் உரிய வேலை. இவ்வாறு தயாரித்த எதையும் மனிதருக்கு ஏற்றக்கூடாது.

எந்தக் கலத்தைக் குறிவைக்கிறோம்

ஈரலுக்குள் கொன்ட்ராஸ்ட் மருந்து புகக்கூடிய வாசல்கள் இரண்டு. ஒன்று ஈரற்கலம். கடொக்சற்றேற் என்ற கடோலினியம் மருந்து அந்த வழியாகத்தான் செல்கிறது. அதில் ஏறத்தாழ அரைப்பங்கு பித்தத்தோடும் அரைப்பங்கு சிறுநீரோடும் வெளியேறுகிறது, ஈரலின் படம் மருந்தேற்றிச் சுமார் 20 நிமிடத்தின் பின் எடுக்கப்படுகிறது. மற்றையது குருதிக் குடாக்களின் சுவரில் ஒட்டியிருந்து, குருதியில் வரும் அந்நியத் துணிக்கைகளை விழுங்கும் கூப்பர் கலம். இரும்பு ஒட்சைட்டுத் துணிக்கைகள் இந்த இரண்டாவது வாசலுக்கு உரியவை.

கூப்பர் கலங்கள் துணிக்கைகளை விழுங்கியதும் சாதாரண ஈரல் ரீ2 படத்தில், அதாவது சைகை எவ்வளவு விரைவாக மங்குகிறது என்பதைக் காட்டும் எம்.ஆர்.ஐ. படத்தில், கறுத்துவிடும். பிற உறுப்புகளிலிருந்து பரவிய புற்றுக்கட்டிகளில் கூப்பர் கலங்கள் இல்லாதபடியால் அவை வெளிச்சமாகவே நிற்கும். படத்தின் பயன் முழுவதும் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. குவிய முடிச்சு மிகைவளர்ச்சி போன்ற தீங்கற்ற கட்டிகளில் கூப்பர் கலங்கள் இருப்பதால் அவையும் கறுக்கும், அதுவும் வைத்தியருக்கு ஒரு தகவலே. ஈரல் அரிப்பு முற்றியவர்களில் கலங்களின் விழுங்கும் திறன் குறைந்து ஈரல் திட்டுத்திட்டாகக் கறுக்கும். தலசீமியா நோயாளிகளில் பலமுறை குருதி ஏற்றியதால் ஈரல் முன்னரே இரும்பால் கறுத்திருக்கும், அங்கே இந்த மருந்துக்குச் செய்ய ஒன்றும் மிஞ்சாது. உங்கள் முன்மொழிவில் இந்த எல்லைகள் எழுதப்படாவிட்டால் எந்த மதிப்பீட்டாளரும் முதலில் அதைத்தான் கேட்பார்.

வன்னியில் இந்தத் தலைப்பை எடுப்பதற்குச் சொல்லக்கூடிய நியாயமான காரணம் சிறுநீரகம். காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் வவுனியாப் பக்கத்திலும் காணப்படுகிறது. சில கடோலினியம் மருந்துகளுக்கும், சிறுநீரகம் செயலிழந்தவர்களின் தோலும் உள்ளுறுப்புகளும் இறுகிப்போகும் நோய்க்கும் தொடர்பு இருப்பது 2006இல் வெளிப்பட்டது. இரும்புத் துணிக்கை சிறுநீரகத்தை நம்பி வெளியேறுவதில்லை. அது கூப்பர் கலத்துக்குள் சிதைந்து உடலின் இரும்புச் சேமிப்போடு கலந்துவிடும்.

பழைய மருந்துகள் தரும் அளவுகோல்

இந்த வகை மருந்துகள் புதியவை அல்ல. டெக்ஸ்ட்ரான் என்ற பல்சக்கரைட்டைப் பூசிய ஃபெருமொக்சைட்ஸ் 1996இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. காபொக்சிடெக்ஸ்ட்ரான் பூசிய ஃபெருகாபோட்ரன் 2001இல் ஐரோப்பாவுக்கு வந்தது. இரண்டும் பின்னர் பெரும்பாலான சந்தைகளிலிருந்து விலகிவிட்டன. கடொக்சற்றேற் ஒரே அமர்வில் குருதியோட்டக் கட்டங்களையும் ஈரற்கலக் கட்டத்தையும் காட்டியதும், ஃபெருமொக்சைட்ஸை அரை மணி நேரம் மெதுவாக ஏற்ற வேண்டியிருந்ததும், சிலருக்கு முதுகுவலி வந்ததும் அதற்கான காரணங்களில் சில. ஆகவே புதிதாக ஒன்றை உருவாக்குபவர் “இதுவும் ஈரலைக் கறுப்பாக்கும்” என்பதோடு நிற்க முடியாது. ஒரே வீச்சில் ஏற்றக்கூடியதா, சிறுநீரக நோயாளிக்குப் பயன்படுமா, அளவு சீரானதா என்ற கேள்விகளில் ஒன்றையாவது தேர்ந்தெடுக்க வேண்டும்.

அளவைப் பொறுத்தவரை ஃபெருமொக்சைட்ஸின் நீரியக்க விட்டம் (மேற்பூச்சோடு சேர்த்து நீரில் அளக்கும் விட்டம்) 120 முதல் 180 நனோமீற்றர் வரை இருந்தது, ஃபெருகாபோட்ரனுடையது 60 நனோமீற்றரை அண்டியது. விட்டம் 30 நனோமீற்றரிலும் குறைந்தால் துணிக்கை குருதியில் நெடுநேரம் சுற்றி நிணநீர்க் கணுக்களை நோக்கிப் போய்விடும். ஈரலுக்கு 60 முதல் 120 வரை ஓர் இலக்கு வைத்துக்கொள்வது நல்லது.

மருந்தின் அளவையும் கையால் ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள். ஃபெருமொக்சைட்ஸ் கிலோகிராமுக்கு 10 மைக்ரோமூல் இரும்பு என்ற அளவில் ஏற்றப்பட்டது. 60 கிலோகிராம் எடையுள்ளவருக்கு அது 0.6 மில்லிமூல், அதாவது ஏறத்தாழ 33.5 மில்லிகிராம் இரும்பு. உடலில் ஏற்கெனவே 3 முதல் 4 கிராம் இரும்பு இருக்கிறது. ஏற்றியதில் 80 சதவீதம் 1.5 கிலோகிராம் ஈரலுக்குப் போனால் அங்கே லீற்றருக்கு சுமார் 0.3 மில்லிமூல் செறிவு வரும். இந்த 0.3 என்ற எண்ணை மறக்க வேண்டாம், பின்னர் ஸ்கானுக்கான மாதிரிகளைத் தயாரிக்கும்போது இதைச் சுற்றியே செறிவுகளைத் தேர்ந்தெடுப்போம்.

தண்ணீர், உப்பு, காற்று

கேத்திலின் அடியில் வெள்ளைப் படிவு கட்டும் எங்கள் கிணற்றுத் தண்ணீரைப் பற்றி யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அதிலுள்ள கல்சியம் அயன்கள் காபொக்சில் கூட்டங்களை ஒன்றோடொன்று பிணைத்து, நல்ல மேற்பூச்சுள்ள துணிக்கைகளையும் திரளச் செய்யும். அயன் நீக்கிய நீரை மட்டும் பயன்படுத்துங்கள். பாத்திரத்தைக் கடைசியாக அலசுவதும் அதே நீராலேயே இருக்க வேண்டும்.

பெரிக்குக் குளோரைட்டு மாரிகாலத்தில் போத்தலைத் திறந்த சில நிமிடத்திலேயே ஈரம் உறிஞ்சிப் பசையாகிவிடும், அதன் பின் நிறுக்கும் எடை பொய். பெரசுக் குளோரைட்டு வெளிர்பச்சையாக இருக்க வேண்டும். மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறியிருந்தால் அதை ஒதுக்கிவிட்டுப் புதிய போத்தலை எடுங்கள். இரண்டையும் சிறு போத்தல்களில் வாங்கி, உலர்த்திக்கு உள்ளே வைத்துக்கொள்வது பெரிய போத்தல் வாங்கி மிச்சம் பிடிப்பதைவிட இலாபம்.

சோளகம் வீசும் மாதங்களில் இன்னொரு தொல்லை உண்டு. யன்னல் வழியாக வரும் செம்மண் தூசியில் இரும்பு இருக்கிறது. கண்ணாடிக் குடுவையின் விளிம்பில் படிந்த தூசிகூட பத்து இலட்சத்தில் ஓரிரு பங்கு இரும்பை அளக்கும் வேலையைக் கெடுத்துவிடும். இரும்பு அளவிடும் கண்ணாடிப் பொருட்களை ஐதான ஐதரோகுளோரிக் அமிலத்தில் இரவு முழுவதும் ஊறவைத்து, அலசி, மூடி வையுங்கள்.

விலங்குப் பரிசோதனை வரை போக எண்ணினால் முதல் நாளிலிருந்தே எண்டொட்டொக்சினை, அதாவது பற்றீரியாவின் சுவரிலிருந்து வரும் நச்சுப்பொருளை, கவனிக்க வேண்டும். டெக்ஸ்ட்ரானே பற்றீரியாவிலிருந்து பெறப்படும் பொருள். கண்ணாடிப் பாத்திரங்களை 250 பாகை செல்சியஸ் உலர்வெப்பத்தில் குறைந்தது 30 நிமிடம் வைப்பது வழக்கம். கடைசியில் வடிகட்டினால் பற்றீரியா நீங்கும், எண்டொட்டொக்சின் நீங்காது.

துணிக்கையைத் தயாரித்தல்

பெரசு, பெரிக்கு உப்புகளைக் காரத்தால் சேர்த்து வீழ்படிவாக்கும் முறையை மசார்ட் 1981இல் வெளியிட்டார். டெக்ஸ்ட்ரான் இருக்கும்போதே வீழ்படிவாக்கி, மேற்பூச்சையும் கருவையும் ஒரே படியில் பெறும் முறையை மோல்டேயும் மக்கென்சியும் 1982இல் வெளியிட்டார்கள். தொடங்குபவருக்கு இந்த இரண்டாவது முறையையே நான் சொல்வேன்.

நீரில் நைதரசன் வாயுவை அரை மணி நேரம் குமிழிடச் செய்து கரைந்துள்ள ஒட்சிசனை வெளியேற்றுங்கள். அந்த நீரில் எடைக்கு 50 சதவீதமாக டெக்ஸ்ட்ரான்-40ஐக் கரைத்து, அதில் 10 மில்லிலீற்றர் எடுத்து, ஆறு நீர் மூலக்கூறுள்ள பெரிக்குக் குளோரைட்டு 1.51 கிராமையும் நான்கு நீர் மூலக்கூறுள்ள பெரசுக் குளோரைட்டு 0.64 கிராமையும் சேருங்கள். நாம் பெற விரும்பும் காந்த இரும்பு ஒட்சைட்டான மக்னடைற்றுக்கு இரண்டுக்கு ஒன்று என்ற மூல் விகிதம் போதுமானாலும் இங்கே பெரசு சற்றுக் கூடுதலாக இருக்கிறது. வேலையின்போது அதில் ஒரு பகுதி எப்படியும் ஒட்சியேறிவிடும் என்பதால் அந்தக் கூடுதல் உதவும். கலவையை விடாமல் கிளறியபடி 7.5 சதவீத அமோனியாவைத் துளித்துளியாக விட்டு பீ.எச். பெறுமானத்தை 10க்கும் 11க்கும் இடையே கொண்டுவாருங்கள். பின் நீர்த்தொட்டியில் 60 முதல் 65 பாகையில் 15 நிமிடம் வையுங்கள். மின்தடை வரக்கூடிய நேரத்தில் இந்தப் படியைத் தொடங்க வேண்டாம், கிளறல் நின்றால் அந்தத் தொகுதி போனது போனதுதான்.

திரவம் கருமையாகவோ கரும்பழுப்பாகவோ வந்தால் சரி. ஓரளவு பழுப்பேறுவதற்குப் பயப்பட வேண்டியதில்லை, மக்னடைற் ஒட்சியேறி மக்கமைற் என்ற இன்னொரு இரும்பு ஒட்சைட்டு ஆனாலும் காந்தத்தன்மை பெரும்பாலும் தங்கிவிடும். செங்கல் நிறத்தில் காந்தமில்லாத வீழ்படிவு வந்தால் மட்டும் தொகுதியைக் கைவிடுங்கள்.

இங்கே மாணவர்கள் தவறாமல் செய்யும் ஒரு சோதனையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தத்தைக் குடுவையின் பக்கத்தில் பிடிப்பார்கள். கரிய திரவம் முழுதும் காந்தத்தை நோக்கிப் பாய்ந்து நீர் தெளிந்தால் கைதட்டுவார்கள். கையடக்கப் பேசியில் படமும் எடுப்பார்கள். ஈரல் மருந்துக்கு அந்தப் பாய்ச்சல் ஒரு கெட்ட செய்தி. நன்றாக மேற்பூசப்பட்டுத் தனித்தனியே நிற்கும் இந்த அளவுத் துணிக்கைகளைச் சிறு காந்தம் சில நிமிடத்தில் இழுத்துவிட முடியாது, வெப்ப அசைவு அவற்றைத் திரவத்துக்குள் கலைத்தபடியே இருக்கும். விரைந்து பாய்வது திரண்டுவிட்ட கட்டிகள். காந்தத்தை ஓர் இரவு வைத்துவிட்டு மறுநாள் பார்க்கும்போது திரவத்தின் நிறம் பெரும்பாலும் சீராக இருந்தால்தான் மகிழலாம்.

கழுவுதல்

மையநீக்கியில் குறைந்த வேகத்தில், 600 மடங்கு புவியீர்ப்பில், ஐந்து நிமிடம் சுற்றிக் கீழே படிந்த கட்டிகளை நீக்குங்கள். மேலுள்ள திரவத்தில் துணிக்கையோடு ஒட்டாத டெக்ஸ்ட்ரானும் அமோனியா உப்பும் மிகுதியாக இருக்கும். ஜெல் வடிகட்டல் நிரல் இருந்தால் அதன் வழியாக அனுப்புங்கள். இல்லாவிட்டால் 1 இலட்சம் டால்ற்றன் துளையுள்ள டயலிசிஸ் குழாயில் நிரப்பி, அயன் நீக்கிய நீரை மாற்றி மாற்றி, வெளிநீரின் மின்கடத்துதிறன் இறங்கி நிலைக்கும் வரை வையுங்கள். பொதுவாக விற்கும் 12,000 டால்ற்றன் குழாய் உப்பை மட்டுமே வெளியேவிடும், 40,000 மூலக்கூற்றுத் திணிவுள்ள டெக்ஸ்ட்ரானை உள்ளேயே வைத்துக்கொள்ளும்.

இரும்பை அளத்தல்

தளர்வூட்டல் திறன் என்பது, லீற்றருக்கு ஒரு மில்லிமூல் இரும்பு சைகையின் தளர்வை எவ்வளவு விரைவாக்குகிறது என்ற எண். சைகை மங்கும் நேரமான ரீ2க்கு உரியது ஆர்-2, அது மீளும் நேரமான ரீ1க்கு உரியது ஆர்-1. அந்தப் பின்னத்தின் கீழே வரும் இரும்பு தவறினால் மேலே உள்ள எல்லாம் தவறும். அந்தத் தவறு பெரும்பாலும் எங்களுக்குச் சாதகமான பக்கமே சாய்வதால் யாரும் அதைச் சந்தேகிப்பதில்லை. துணிக்கை அமிலத்தில் முழுதாகக் கரையாமல் இரும்பு 20 சதவீதம் குறைவாகப் பதிவானால், உண்மையில் 160ஆக இருக்கும் ஆர்-2 அறிக்கையில் 200 ஆகிவிடும். நிறுவப்பட்ட மருந்தை மிஞ்சியதாக ஒரு கட்டுரையும் பிறந்துவிடும்.

எங்கள் ஆய்வுகூடங்களில் எளிதாகச் செய்யக்கூடியது பினந்திரோலின் நிறமுறை. துணிக்கைத் திரவத்தில் 0.1 மில்லிலீற்றர் எடுத்து, புகைகலத்தினுள் செறிந்த ஐதரோகுளோரிக் அமிலத்தோடு மூடிய குழாயில் சூடாக்குங்கள். பழுப்பு மறைந்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கலங்கலே இல்லாத தெளிந்த மஞ்சளாக வரும் வரை நிறுத்தக்கூடாது. கலங்கலின் சாயல் கொஞ்சம் இருந்தாலும் கரைதல் முடியவில்லை. பின்னர் ஐதாக்கி, ஐதரொட்சிலமைன் ஐதரோகுளோரைட்டால் பெரிக்கை முழுவதும் பெரசாகத் தாழ்த்தி, சோடியம் அசற்றேற்றால் பீ.எச். பெறுமானத்தை 4க்கும் 5க்கும் இடையே வைத்து, பினந்திரோலினைச் சேருங்கள். செம்மஞ்சள் நிறம் எழும். 510 நனோமீற்றரில் உறிஞ்சலை அளவிடுங்கள். மூலர் உறிஞ்சுதிறன் ஏறத்தாழ 11,100 என்பதால் லீற்றருக்கு 2 மில்லிகிராம் இரும்பு 1 சென்ரிமீற்றர் கலத்தில் 0.40ஐ அண்டிய உறிஞ்சலைத் தர வேண்டும். உங்கள் கருவி இதிலிருந்து வெகுதூரம் விலகினால் முதலில் நியமக் கரைசலைச் சந்தேகியுங்கள்.

நியமத்துக்கு மோர் உப்பே (பெரசு அமோனியம் சல்பேற்று) போதும். 0.702 கிராமை ஐதான சல்பூரிக் அமிலத்தில் கரைத்து 1 லீற்றராக்கினால் லீற்றருக்கு 100 மில்லிகிராம் இரும்பு வரும். வெற்று மாதிரியை ஒவ்வொரு முறையும் கூடவே ஓட்டுங்கள். சோளகக் காலத்துத் தூசி வெளிப்படுவது அங்கேதான். அதோடு, தெரிந்த அளவு இரும்பைத் துணிக்கைத் திரவத்தில் கலந்து, அது முழுவதும் திரும்பி வருகிறதா என்று பாருங்கள். 95க்கும் 105 சதவீதத்துக்கும் வெளியே போனால் மேலே நகர வேண்டாம்.

விட்டமும் காந்தத்தன்மையும்

இயங்கு ஒளிச்சிதறல் கருவி நீரியக்க விட்டத்தைத் தரும். அது சிதறிய ஒளியின் செறிவை வைத்துக் கணிப்பதால், சில பெரிய கட்டிகள் இருந்தாலே சராசரி மேலே போய்விடும். அளவுகள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதைச் சொல்லும் பரவல் சுட்டெண் 0.2க்குக் கீழே இருப்பது நல்லது. தூய நீரில் மட்டும் அளந்துவிட்டு நின்றுவிடாதீர்கள். 0.9 சதவீத உப்புநீரிலும் குருதிநீர்ப்பாயத்திலும் 37 பாகையில் ஒரு மணி நேரம் வைத்தும் அளவிடுங்கள். ஃபெருமொக்சைட்ஸை 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில்தான் ஐதாக்கினார்கள். உப்புநீரில் உங்கள் துணிக்கை திரண்டால் மேற்பூச்சை இறுக்குங்கள், அல்லது நீங்களும் டெக்ஸ்ட்ரோஸுக்குப் போங்கள்.

கருவின் அளவுக்கு இலத்திரன் நுணுக்குக்காட்டியோ எக்ஸ்-கதிர் கோணல்மானியோ வேண்டும். செப்பு கதிரில் 35.5 பாகையை அண்டி மிகப் பெரிய உச்சி வரும். அதன் அகலத்திலிருந்து பளிங்கின் அளவைக் கணக்கிடலாம். மக்னடைற்றையும் மக்கமைற்றையும் இந்த முறை நம்பகமாகப் பிரிக்காது, பிரித்ததாக எழுதவும் வேண்டாம்.

ஸ்கான்

ஸ்கான் கருவியில் உங்களுக்கு நேரம் கிடைப்பது நோயாளிகள் முடிந்த பிறகுதான். ஆகவே மாதிரிகள் முந்திய நாளே தயாராக இருக்க வேண்டும். அவற்றை ஜெலற்றினில் பதித்து ஏ-9 வீதியால் பகலில் கொண்டுபோனால் போய்ச் சேரும்போது உருகியிருக்கும், துணிக்கைகளும் அடியில் இறங்கியிருக்கலாம். 1 சதவீத அகரோஸ் எங்கள் வெயிலில் உருகாது. சூடான அகரோஸில் துணிக்கைகளைக் கலந்து, குமிழி இல்லாமல் ஊற்றி, மூடியை இறுக்குங்கள். ஒரு குமிழி படத்தில் தன்னைவிடப் பல மடங்கு பெரிய கறுப்பு வட்டமாகத் தெரியும்.

செறிவுகளை லீற்றருக்கு 0, 0.02, 0.05, 0.1, 0.2, 0.3 மில்லிமூல் என்று வையுங்கள். இதற்கு மேலே போவதால் பயனில்லை. ஆர்-2 150 என்று கொண்டால் 0.1 மில்லிமூலில் ரீ2 ஏறத்தாழ 65 மில்லிசெக்கன், 0.5 மில்லிமூலில் வெறும் 13 மில்லிசெக்கன். மருத்துவக் கருவியின் முதல் எதிரொலியே 10 மில்லிசெக்கனை அண்டி வருமானால், 0.5 மில்லிமூல் மாதிரியின் சைகை சில எதிரொலிகளுக்குள்ளேயே இரைச்சலில் அமிழ்ந்துவிடும். பல எதிரொலிகள் உள்ள சுழல் எதிரொலி வரிசையில் ரீ2ஐ அளந்து, ரீ2இன் தலைகீழை இரும்புச் செறிவுக்கு எதிரே வரையுங்கள். கோட்டின் சரிவுதான் ஆர்-2. ரீ1க்கு நேர்மாறலாக்கல் வரிசையைப் பயன்படுத்தி ஆர்-1ஐப் பெறுங்கள். ஃபெருகாபோட்ரனுக்கு 1.5 ரெஸ்லாவில் ஆர்-2 190ஐயும் ஆர்-1 10ஐயும் அண்டி அறியப்பட்டவை. காந்தப்புலம் கூடும்போது ஆர்-1 குறைந்துபோகும். எனவே புலமும் வெப்பநிலையும் எழுதாத எண்ணை வேறெவருடைய எண்ணோடும் ஒப்பிட முடியாது. குளிரூட்டிய ஸ்கான் அறையில் எடுத்த எண் 37 பாகைக்குரியது அல்ல என்பதையும் குறிப்பிடுங்கள்.

கலமும் விலங்கும்

விழுங்கும் கலங்களில் சோதிக்க எலியின் ரோ 264.7 கலவரிசை வழக்கமானது. துணிக்கைகளோடு சில மணி நேரம் வைத்து, கழுவி, பிரஷியன் நீலத்தால் நிறமேற்றினால் இரும்பு நீலமாகத் தெரியும். கலத்துக்கு வெளியே ஒட்டிய கட்டியும் அதே நீலமே, ஆகவே ஒரு குழுவை 4 பாகையில் வைத்து ஒப்பிடுங்கள். அந்தக் குளிரில் விழுங்கல் நின்றுவிடும், எஞ்சும் நீலம் மேற்பரப்பில் ஒட்டியது. நச்சுத்தன்மையை நிறமாற்றச் சோதனையால் அளப்பவர்கள், துணிக்கையின் சொந்தப் பழுப்பு அதே அலைநீளத்தில் உறிஞ்சும் என்பதைக் கழித்துக்கொள்ள வேண்டும். எண்டொட்டொக்சின் சோதனையிலும் இந்தக் குறுக்கீடு வரும். ஐதாக்கி, தெரிந்த அளவு எண்டொட்டொக்சினைச் சேர்த்து, அது சரியாகத் திரும்பி வருகிறதா என்று சரிபார்க்காமல் வரும் “இல்லை” என்ற முடிவை நம்ப வேண்டாம்.

விலங்குகளைத் தொடுவதற்கு முன் நெறிமுறைக் குழுவின் எழுத்து மூல அனுமதி கையில் இருக்க வேண்டும். தொடங்கிய பிறகு விண்ணப்பிப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. எலிகளில் கிலோகிராமுக்கு 10 மைக்ரோமூல் இரும்பிலிருந்து தொடங்கி, ஏற்றுவதற்கு முன்னும் பின்னும் ரீ2 படங்கள் எடுத்து, ஈரலின் சைகையைத் தசையின் சைகையோடு ஒப்பிடுங்கள். ஈரல், மண்ணீரல், நுரையீரல் மூன்றையும் நிறமேற்றிப் பாருங்கள். நுரையீரலில் நீலம் தெரிந்தால் துணிக்கைகள் குருதியில் திரண்டு மயிர்த்துளைக் குழாய்களில் சிக்கியிருக்கின்றன, படம் எவ்வளவு அழகாக வந்தாலும் மேற்பூச்சுக்குத் திரும்ப வேண்டியதுதான். ஈரல் நொதியங்களை அடுத்த நாளும் இரு வாரத்தின் பின்னும் அளவிடுங்கள்.

ஒவ்வாமையை எலி முன்கூட்டிச் சொல்லாது. சிறுநீரக நோயாளிகளின் குருதிச்சோகைக்கு 2009இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃபெருமொக்சிற்றோல் என்ற இரும்பு ஒட்சைட்டுத் துணிக்கை மருந்து, பயன்பாட்டுக்கு வந்த பிறகே உயிராபத்தான ஒவ்வாமைக்கான கடும் எச்சரிக்கையை 2015இல் பெற்றது. டெக்ஸ்ட்ரானுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் சிலருடைய உடலில் முன்னரே இருக்கக்கூடும். மனிதரில் சோதிப்பது 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் அனுமதி தேவைப்படும் தனி வேலை, அதற்கு நல்ல உற்பத்தி நடைமுறையில் தயாரித்த தொகுதியும் வேண்டும்.

தொகுதி ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள் வையுங்கள்: தயாரித்த நாள், உப்புப் போத்தலின் இலக்கம், இரும்புச் செறிவு, மூன்று ஊடகங்களில் விட்டம், ஆர்-1, ஆர்-2, புலம், வெப்பநிலை. திரவத்தை 4 பாகையில் வைத்து மாதந்தோறும் விட்டத்தை மட்டும் மீண்டும் அளவிடுங்கள். உறையவிட வேண்டாம். உறைந்து உருகிய துணிக்கைகள் மீண்டும் பிரிவதில்லை.